வலையா, பாயா? நரம்பைப் பற்றிய ஒரு பழைய வழக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரம் உள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

விலங்கியல் பாடத்தில் பெட்ரோமைசான், மிக்ஸின் என்று இரண்டு பெயர்கள் வருமே, நினைவிருக்கிறதா? வட்டவாயுடையவை. தாடை கிடையாது, செதில் கிடையாது, விலாங்கு போல நீண்ட உடம்பு. ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிற பெயர்கள்.

ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டு பிராணிகளின் தண்டுவடத்தையும் இரண்டு இளைஞர்கள் நுண்ணோக்கியில் வைத்துக் கண் வலிக்கப் பார்த்தார்கள். பெட்ரோமைசானைப் பார்த்தவர் சிக்மண்ட் பிராய்ட். ஆம், கனவுகளுக்கு விளக்கம் சொன்ன அதே பிராய்ட்தான். மிக்ஸினைப் பார்த்தவர் நார்வே நாட்டின் ஃபிரித்யோஃப் நான்சென். பின்னாளில் துருவப் பயணியாகவும், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவராகவும் உலகம் அறிந்தவர். இருவருடைய புகழும் வேறு காரணங்களால் வந்தது. ஆனால் இருவரும் இருபதுகளில் உட்கார்ந்து செய்த வேலை ஒரு பெரிய வழக்கின் பகுதி. அந்த வழக்கைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வழக்கு இதுதான். நம் மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் எப்படி இணைந்திருக்கின்றன? மீன்வலையைப் பாருங்கள். நூலும் நூலும் முடிச்சில் ஒன்றாகிவிடும். ஓர் இடத்தில் இழுத்தால் வலை முழுக்க அசையும். கோரைப் பாயைப் பாருங்கள். ஆயிரம் கோரைகள் நெருங்கிப் பின்னியிருக்கும், ஆனால் ஒவ்வொரு கோரையும் தனி. நரம்பு மண்டலம் வலையா, பாயா? தோல், தசை, ஈரல் எல்லாம் தனித்தனிச் செல்களால் ஆனவை என்று 1840களிலேயே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. நரம்பு மட்டும் இடக்குச் செய்தது. அதன் இழைகள் அவ்வளவு மெல்லியவை, அவ்வளவு நெருக்கமானவை. எது எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். வலை என்றால், மூளையின் ஒரு மூலைக்கு ஒரு வேலை என்று பிரித்துச் சொல்வது கடினம். பாய் என்றால், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தி தாண்டிப் போக வேண்டும். அந்தத் தாண்டும் இடத்தில் மருந்து கொடுக்கலாம், தடுக்கலாம், தூண்டலாம். இன்று நம் வீடுகளில் நடுக்குவாதத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பாலானவை வேலை செய்வது அந்தத் தாண்டும் இடத்தில்தான்.

சரி, மனிதனின் மூளையைப் பற்றிய கேள்விக்கு மீனை ஏன் பார்க்க வேண்டும்? நம் நரம்பு இழைகளில் பலவற்றின் மேல் ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. மயலின் உறை என்று படித்திருப்பீர்கள். மின்கம்பி மேல் பிளாஸ்டிக் போல. அந்த உறை நமக்கு நல்லது, செய்தி வேகமாகப் போகும். ஆராய்ச்சியாளருக்கு அது தலைவலி, உள்ளே இருப்பதை மறைத்துவிடும். பெட்ரோமைசானுக்கும் மிக்ஸினுக்கும் அந்த உறையே கிடையாது. கருவிலிருக்கும் எந்தக் குஞ்சுக்கும் ஆரம்பத்தில் அது கிடையாது. ஆக, நரம்பை உறையில்லாமல் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன: எளிய பிராணியைப் பார், அல்லது இளம் உயிரைப் பார். இந்தக் கதை முழுக்க இந்த இரண்டு வழிகளில்தான் நடக்கிறது.

முதலில் பிராய்ட். 1876இல், இருபது வயதை எட்டும் நேரத்தில், வியன்னாப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளவுஸ் அவரை டிரியெஸ்ட் கடற்கரையில் இருந்த ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார். வேலை: விலாங்கு மீனின் விந்தகத்தைக் கண்டுபிடி. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நாம் சொல்கிறோமே, விஞ்ஞானிகளுக்கு அது எதையுமே காட்டவில்லை. அது சேற்றிலிருந்து பிறக்கிறது என்று அரிஸ்டாட்டில் நினைத்திருந்தார். பிராய்ட் சுமார் 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தார். சிர்ஸ்கி என்பவர் 1874இல் சுட்டிக்காட்டிய உறுப்பே விந்தகமாக இருக்கலாம் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன் இனப்பெருக்கப் பயணத்தில் கடலில் வெகுதூரம் போன பிறகுதான் விலாங்கு முழுமையாக முதிரும் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

அதே ஆண்டு அவர் எர்ன்ஸ்ட் புரூக்கேயின் உடலியல் கூடத்தில் சேர்ந்தார். பழைய துப்பாக்கித் தொழிற்சாலைக் கட்டடம் அது. அங்கே அவருக்குக் கிடைத்த பொருள் பெட்ரோமைசானின் இளம்பருவம். அம்மோசீட் லார்வா என்று படித்தது நினைவுக்கு வரட்டும். அதன் தண்டுவடத்தில், முதுகுப் பக்கமாகச் சில பெரிய செல்கள் இருந்தன. அவை என்ன வகை என்பது யாருக்கும் தெளிவாகவில்லை.

நம்மைப் போன்ற உயர்நிலை முதுகெலும்பிகளில் தொடுவுணர்வைக் கொண்டுவரும் நரம்புச் செல்கள் தண்டுவடத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு முடிச்சாகத் திரண்டிருக்கும். பெட்ரோமைசானில் பிராய்ட் கண்டது வேறு. அந்த வகைச் செல்களில் சில தண்டுவடத்துக்குள்ளேயே இருந்தன. சில வெளியே முடிச்சில் இருந்தன. சில இரண்டுக்கும் நடுவே, நரம்பின் வேரோடு வழிநெடுகச் சிதறிக் கிடந்தன. ஊர்வலம் போன தெருவில் வழிநெடுகப் பூ உதிர்ந்து கிடப்பது போல. கீழ்நிலைப் பிராணிகளிலிருந்து மேல்நிலைக்கு வரும் நீண்ட பாதையில் இந்தச் செல்கள் உள்ளிருந்து வெளியே இடம்பெயர்ந்தன என்பதை ஒரே மீன் காட்டிவிட்டது. 1877இலும் 1878இலும் இதைக் கட்டுரைகளாக எழுதினார். டார்வினின் நூல் வெளியாகி இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது.

1882இல் நன்னீரில் வாழும் கிரேஃபிஷை எடுத்துக்கொண்டார். சிங்கி இறாலின் சின்ன உருவம் போல இருக்கும். அதன் நரம்புச் செல்களை உயிர் இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்து, செல்லுக்குள் மெல்லிய நார்கள் ஓடுவதையும் அவையே வெளியே போகும் இழைக்குள் தொடர்வதையும் எழுதினார். 1880களின் தொடக்கத்தில் ஆற்றிய ஓர் உரையில், செல்லும் அதன் இழையும் சேர்ந்து ஓர் அலகு என்ற முடிவுக்கு மிக அருகில் வந்துவிட்டார். அருகில் வந்தார், தொடவில்லை. அதே 1882இல் புரூக்கே அவரை அழைத்து, "உன் குடும்ப நிலைமைக்கு இந்த ஆராய்ச்சி சோறு போடாது, மருத்துவம் பார்க்கப் போ" என்ற பொருள்படச் சொன்னார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம், கையில் பணமில்லை. பிராய்ட் மருத்துவமனைக்குப் போனார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அவர் வியன்னாவில் கூடத்தை விட்டுப் போன அதே 1882இல், வடக்கே நார்வேயின் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் இருபது வயது நான்சென் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் டேனியல்சன், தொழுநோய் மருத்துவத்தில் பெயர் பெற்றவர். அவருடைய மருமகன்தான் தொழுநோய்க் கிருமியைக் கண்ட ஹேன்சன். நல்ல நுண்ணோக்கியும் நல்ல துணையும் உள்ள இடம்.

நான்சென் முதலில் மைசோஸ்டோமா என்ற சின்னக் கடற்புழுக்களைப் படித்தார். அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. "தங்கம் வேண்டாம், செம்பில் செய்து கொடுங்கள். மிச்சப் பணத்தைப் பயணத்துக்குத் தாருங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குப் பிடித்த இடம் இது. அந்தப் பணம் 1886இல் அவரை இத்தாலியின் பாவியா நகரத்துக்குக் கொண்டுபோனது. அங்கே இருந்தவர் கமில்லோ கோல்ஜி. செல்லுக்குள் கோல்கை உறுப்புகள் என்று படம் வரைந்து பாகம் குறித்தீர்களே, அவர் பெயர்தான்.

கோல்ஜி 1873இல் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்திருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட வேண்டும். நூறு செல்களில் ஏதோ சில மட்டும், வேரோடும் கிளையோடும் கன்னங்கரேலென்று தெரியும். மற்றவை கண்ணுக்குத் தெரியாது. கருவேலங்காட்டில் எல்லா மரத்துக்கும் கறுப்பு அடித்தால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் அடித்தால் அதன் கடைசிக் கிளைவரை தெரியும். அதுதான் இந்த முறையின் மகிமை. ஆனால் அதைக் கண்டுபிடித்த கோல்ஜியோ வலைக் கட்சி. கடைசிவரை வலைக் கட்சி.

நான்சென் சாயத்தைக் கற்றுக்கொண்டார், கட்சியைக் கற்றுக்கொள்ளவில்லை. நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தையும் பார்த்துவிட்டு பெர்கனுக்குத் திரும்பி, மிக்ஸின் உட்படப் பல கடற்பிராணிகளின் நரம்பு மண்டலத்தை அலசினார். மிக்ஸினின் உணர்வு நரம்பிழை ஒவ்வொன்றும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் ஆங்கில எழுத்து "டீ" போல இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மேலேயும் ஒரு கிளை கீழேயும் போவதைக் கண்டார். செல்லும் செல்லும் நேராக ஒட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. இழைகள் பின்னிக்கொள்கின்றன, ஒன்றாகிவிடவில்லை என்று 1887இல் வெளியான நீண்ட கட்டுரையில் எழுதினார். நம் பாஷையில் சொன்னால், பாய்.

அதே ஒன்றிரண்டு ஆண்டுகளில் வில்ஹெல்ம் ஹிஸ், அகஸ்ட் ஃபோரெல் என்ற இருவரும் வேறு வழிகளில் இதே முடிவை எழுதினார்கள். ஹிஸ் பார்த்தது கருக்களை. நரம்பிழை என்பது செல்லிலிருந்து தளிர் போல வெளியே வளர்ந்து வருவது என்றார். வளரும்போது தனியாக வளர்ந்த ஒன்று பிறகு மட்டும் ஏன் ஒட்ட வேண்டும் என்பது அவர் வாதம். ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹால் 1888இலிருந்து, பறவை, பாலூட்டிகளின் கருக்களிலும் குஞ்சுகளிலும் கோல்ஜியின் சாயத்தையே போட்டு, படம் படமாக வரைந்து பாய்க் கட்சியை நிலைநிறுத்தினார். 1891இல் வால்டேயர் இந்தத் தனிச் செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார்.

நான்சென் என்ன ஆனார்? 1888 வசந்தத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதில் சொல்லி முடித்த சில நாட்களிலேயே, பனிச்சறுக்குக் கட்டைகளோடு கிரீன்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். ஆறு பேர் குழு, ஆளில்லாத கிழக்குக் கரையில் இறங்கி மேற்குக் கரை நோக்கி நடந்தது. திரும்பிப் போக வழி வைத்துக்கொள்ளாத நடை. நுண்ணோக்கியோடு அவருக்கிருந்த நெருக்கம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு நாடிழந்த அகதிகளுக்கு "நான்சென் பாஸ்போர்ட்" வாங்கிக் கொடுத்து, 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

1906இல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கோல்ஜி மேடையேறி, நியூரான் கொள்கை தவறு என்று அந்தப் பரிசு உரையிலேயே வாதாடினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாரும் செத்த திசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஹால் வரைந்ததும் நின்றுபோன நிமிடம்தான். நரம்பு வளர்வதை உயிரோடு பார்த்தவர் யாருமில்லை.

அதைப் பார்த்தவர் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன். அவருக்குக் கைகொடுத்தது தவளையின் கரு. இழைகள் இன்னும் முளைக்காத பருவத்தில், கருவின் நரம்புக் குழாயிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார். வளர்ந்த தவளையின் நிணநீர்த் துளியில் அதை வைத்தார். துளி உறைந்ததும் கண்ணாடியைக் கவிழ்த்து, குழிவான கண்ணாடித் தகட்டின் மேல் பொருத்தி, ஓரத்தை மெழுகால் அடைத்தார். தொங்கும் துளிக்குள், உடம்புக்கு வெளியே, அந்தச் செல்கள் உயிரோடு இருந்தன. நுண்ணோக்கியில் அவர் கண்முன்னே இழைகள் முளைத்தன. நுனி அமீபா போலக் கைகளை நீட்டித் துழாவிக்கொண்டே முன்னேறியது. பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேறு செல் இல்லாத இடத்திலும் தானாகவே வளர்ந்தது. 1907இல் இதை அறிவித்தார். இழை என்பது அந்த ஒரு செல்லின் கை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். உடம்புக்கு வெளியே செல்லை வளர்க்கும் கலை, அதாவது இன்று தடுப்பூசி தயாரிப்பு வரை பயன்படும் திசு வளர்ப்பு, வேரூன்றியதும் இந்தத் தவளைத் துளியில்தான்.

விபத்தில் கை நரம்பு அறுந்து, தையல் போட்ட பிறகு உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பியவர்கள் நம் உறவிலும் உண்டு. "நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், பொறுமையாக இருங்கள்" என்று டாக்டர் சொல்வார். ஹாரிசன் பார்த்த அதே வளர்ச்சிதான் அது.

அடுத்து நம் கடற்கரையிலும் வலையில் விழுகிற ஊசிக்கணவாயின் இனம். அதற்கும் மயலின் உறை கிடையாது. உறை இல்லாமல் வேகம் வேண்டுமென்றால் கம்பி தடிமனாக வேண்டும். ஆகவே உடலைச் சுருக்கி நீரைப் பீய்ச்சித் தப்பிக்கும் வேலைக்கான அதன் நரம்பிழை 1 மில்லிமீட்டர் அளவுக்குக்கூடத் தடிமனாக இருக்கும். வெறும் கண்ணால் பார்க்கலாம். 1936இல் ஜே. இசட். யங் இதை ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1939இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் இதற்குள்ளேயே மின்முனையைச் செருகி அளந்தார்கள். நடுவில் போர் வந்தது. 1952இல் நரம்பில் செய்தி ஓடும் கணக்கை முழுதாக எழுதினார்கள். 1963இல் நோபல்.

இடைவெளியை நேராகப் பார்க்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சினாப்ஸில் உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். 1 மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு. பிராய்டும் நான்சென்னும் வைத்திருந்த வகை நுண்ணோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய தூரமே இதைப்போல் பத்து மடங்கு. பார்க்க முடியாத ஒன்றைச் சரியாக ஊகித்திருந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் பாய்க் கட்சிக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது.

வழக்கு முடிந்தது என்று புத்தகத்தை மூடலாமா? தண்ணீர்ப் பிராணிகள் விடவில்லை. கணவாயின் அந்தத் தடித்த இழையே பல செல்களின் இழைகள் ஒன்றாகக் கலந்து உருவானது என்று யங்கே காட்டியிருந்தார். 1959இல் ஃபர்ஷ்பானும் பாட்டரும், பிராய்ட் பார்த்த அதே கிரேஃபிஷ் வகையில், மின்சாரம் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நேராகவே பாயும் சந்திப்பைக் கண்டார்கள். செல்கள் தனிதான், ஆனால் நடுவே மிக நுண்ணிய துளைவழிகள்.

பிறகு 2023. டீனோபோரா என்ற தொகுதி பாடத்தில் உண்டு. கண்ணாடி போன்ற உடம்பும், சீப்புப் பற்கள் போன்ற எட்டு வரிசைகளும் கொண்ட கடலுயிர்கள். அவற்றில் நிமியாப்சிஸ் என்ற ஒன்றின் இளம்பருவத்தை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படம்பிடித்து, கணினியில் முப்பரிமாணமாகக் கூட்டிப் பார்த்தார்கள். அதன் தோலுக்கடியில் உள்ள நரம்பு வலையில் இழைக்கும் இழைக்கும் இடைவெளி இல்லை. ஒரே சவ்வு தொடர்ந்து ஓடுகிறது. கோல்ஜி சொன்ன அசல் வலை! அந்த வலை மற்றச் செல்களோடு பேசும் இடங்களில் மட்டும் சினாப்ஸ் உண்டு.

இதைக் கண்ட குழு இருந்த ஊர் எது தெரியுமா? பெர்கன். 1887இல் நான்சென் "ஒட்டவில்லை" என்று எழுதிய அதே ஊரிலிருந்து, 136 ஆண்டு கழித்து, "இந்த ஓர் உயிரில் ஒட்டியிருக்கிறது" என்று எழுதினார்கள். ஒருவரையொருவர் பொய்யாக்கவில்லை. நம் மூளை பாய்தான். ஆனால் நரம்பு மண்டலம் அமைக்கப் பாய் ஒன்றுதான் வழி என்று நாம் நினைத்திருந்ததற்குக் கடல் ஒரு விதிவிலக்கை வைத்திருந்தது. அதுவும் எளிய பிராணி, இளம் பருவம் என்ற அதே பழைய இரண்டு வழிகளில் தேடியபோதுதான் அகப்பட்டது.

பாடப்புத்தகத்தில் "நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகு நியூரான்" என்று ஒரே வரி. அந்த வரிக்குள் நானூறு விலாங்கும், செம்புப் பதக்கமும், சோற்றுக்கு வழி தேடிக் கூடத்தை விட்ட ஓர் இளைஞனும், தொங்கும் தவளைத் துளியும் இருக்கின்றன. உங்களில் ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் அடுத்த முறை அந்த வரியை நடத்தும்போது இதில் ஒன்றையாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெட்ரோமைசானையும் மிக்ஸினையும் அவர்கள் ஒரு மார்க்குக்கு மேலும் நினைவில் வைத்திருப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது சினாப்ஸில் வேலை செய்யும் மருந்துகளைப் பற்றி எளிய தமிழில் எழுதினால் எல்லாருக்கும் உதவும். எல்லாரும் நலமாக இருங்கள்.